நானோ மருந்தை எலிக்குக் கொடுக்கும் முன் சீரத்தில் போட்டுப் பாருங்கள்

கேள்வி: "அக்கா, பெங்களூரில் எம்.டெக். இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஊர் திருப்பத்தூர். மஞ்சளில் உள்ள குர்குமினை பி.எல்.ஜி.ஏ. என்ற, உடலில் கரையும் பாலிமரில் ஏற்றி நானோ துகள் செய்து, புற்றுச் செல்லைத் தேடிப் பிடிக்க மேலே ஃபோலிக் அமிலம் ஒட்டி, மார்பகப் புற்றுநோய்க்குப் பயன்படுத்துவதுதான் ப்ராஜெக்ட். அளவு 120 நானோமீட்டர் வந்துவிட்டது. லேபில் வளர்க்கும் எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்களும் நன்றாகச் சாகின்றன. இனி இது நல்ல மருந்தா இல்லையா என்று எப்படிச் சொல்வது? நோயைக் கண்டறியவும் இதே மாதிரி துகளைப் பயன்படுத்தலாமே என்கிறார் கைடு. எங்கிருந்து தொடங்கலாம்?"

நோயாளியிடமிருந்து தொடங்குங்கள். எங்கள் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது அல்சூரில் எங்கள் வீட்டில் தங்கித்தான் சிகிச்சை எடுத்தார். டாக்சோரூபிசின் ஏற்றுவார்கள். ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம் என்பதால் அவர் அதைச் "சிவப்பு மருந்து" என்றே சொல்வார். ஒவ்வொரு கட்டத்திலும் எக்கோ எடுத்து இதயம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த மருந்து கட்டியைக் கொல்லும், கூடவே இதயத் தசையையும் கெடுக்கும். அதனால் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் சேர்த்து இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று வரம்பு உண்டு. உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 450 முதல் 550 மி.கி. வரை. மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே இதயத்துக்காக நிறுத்த வேண்டி வரும். நானோ மருந்து வந்தது இந்த இடத்தில்தான்.

1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சில் இதே டாக்சோரூபிசின்தான். சுமார் 80 முதல் 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புக் குமிழிக்குள், அதாவது லிப்போசோமுக்குள், அதை அடைத்தார்கள். மேலே பெக் என்ற பாலிமர் போர்வை. இதயத்தின் இரத்த நாளச் சுவர் நெருக்கமாக இருப்பதால் அந்தக் குமிழி அங்கே எளிதாகக் கசிவதில்லை, இதயம் தப்பிக்கிறது. மாறாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் போய்த் தோலைப் புண்ணாக்கும். பரவிய மார்பகப் புற்றுநோயில் சாதாரண டாக்சோரூபிசினோடு ஒப்பிட்ட சோதனையின் முடிவு 2004-இல் வந்தது. கட்டியை அடக்குவதில் இரண்டும் ஏறக்குறைய சமம். இதயப் பாதிப்பு மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தது.

இதை ஆழமாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துக் கடை வரை வந்த பழைய நானோ மருந்துகள் பலவும் ஜெயித்தது மருந்தைக் கட்டிக்குத் தேடிக்கொண்டு போய்ச் சேர்த்ததால் அல்ல, மருந்து போகக் கூடாத இடத்துக்குப் போவதைக் குறைத்ததால். 2005-இல் வந்த ஆப்ராக்சேன் இன்னொரு உதாரணம். அதில் உள்ள பேக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து தண்ணீரில் கரையாது. அதைக் கரைக்கச் சேர்க்கும் கிரெமோஃபோர் என்ற எண்ணெய்ப் பொருளே கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பும். அதனால் முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுத்து, வழக்கமாக மூன்று மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டியிருந்தது. ஆல்புமின் புரதத்தோடு சேர்த்து 130 நானோமீட்டர் துகளாக்கியதும் கிரெமோஃபோரே தேவைப்படவில்லை. அரை மணி நேரத்தில் ஏற்ற முடிந்தது, டோஸையும் கூட்ட முடிந்தது.

நம் நாட்டுக்கு இன்னும் நெருக்கமான கதை ஆம்போடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து. 2021-இல் கருப்புப் பூஞ்சை வந்தபோது ஊர் ஊராக ஜனங்கள் தேடி அலைந்தார்களே, அந்த லிப்போசோம் ஊசியும் நானோ மருந்துதான். சாதாரண ஆம்போடெரிசின் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் தரும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். லிப்போசோமில் அடைத்தால் அந்தத் தொல்லை குறைகிறது, ஒரே தடவையில் நிறையக் கொடுக்க முடிகிறது. மணல் ஈ கடித்துப் பரவும் காலா அசார் நோய்க்கும் இதே மருந்து உண்டு. பீகாரில் அந்த நோயாளிகளிடம் செய்த சோதனை 2010-இல் வெளியானது. கிலோவுக்கு 10 மி.கி. வீதம் ஒரே ஒரு முறை லிப்போசோம் மருந்து பெற்றவர்களில் ஆறு மாதம் கழித்து 95.7 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் 15 முறை சாதாரண மருந்து ஏற்றிக்கொண்டவர்களில் 96.3 சதவீதம். குணமாகும் விகிதம் ஒன்றுதான். ஆனால் ஒரு கூலித் தொழிலாளிக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கும் 29 நாள் ஆஸ்பத்திரிக்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நானோ மருந்து செய்த மிகப் பெரிய நன்மைகளில் ஒன்றாக இதைத்தான் நினைக்கிறேன், புற்றுநோய் ஆய்வுக்கு நடுவில் இதை யாரும் பேசுவதில்லை என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

ஆகவே உங்கள் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: குர்குமினை நானோ துகளில் அடைப்பதால் எந்த நோயாளிக்கு, இப்போதைய சிகிச்சையைவிட எது குறையும் அல்லது எது கூடும்? இதற்கு ஒரு வரியில் பதில் எழுத முடியாவிட்டால் அளவு 120 வந்தாலும் 60 வந்தாலும் ஒன்றுதான்.

சரி, துகளுக்கு வருவோம். நரம்பில் ஏற்றிய துகள் இரத்தத்தில் கலந்த சில வினாடிகளிலேயே அதன் மேல் புரதங்கள் ஒட்டிக்கொள்ளும். இதைப் புரத உறை என்கிறோம். அதன் பிறகு உடல் பார்ப்பது நீங்கள் செய்த பரப்பை அல்ல, அந்த உறையை. ஃபோலிக் அமிலத்தை எவ்வளவு அழகாக ஒட்டியிருந்தாலும் அது உறைக்கு அடியில் புதைந்து போகலாம். கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் அந்த உறையை அடையாளம் கண்டு பெரும்பகுதியை வாரிக்கொள்ளும். சுமார் 5.5 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளிவிடும். 200-க்கு மேலே போனால் மண்ணீரல் பிடித்துக்கொள்ளும். நடுவில் உள்ள அளவைப் பலரும் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

கல்லீரலுக்கே போக வேண்டிய மருந்தென்றால் இந்தக் குணம் வரமாகிவிடுகிறது. 2018-இல் அனுமதி பெற்ற பட்டிசிரான் என்ற மருந்து அப்படிப்பட்டது. அதன் கொழுப்புத் துகள் மேல் இரத்தத்திலுள்ள அப்போ-ஈ புரதம் தானாக வந்து ஒட்டுகிறது, அந்தப் புரதத்தைக் கல்லீரல் செல் வரவேற்று உள்ளே இழுக்கிறது. உடலின் வழக்கத்தோடு சண்டை போடாமல் அதன் மேலேயே சவாரி செய்த வடிவமைப்பு. கோவிட் காலத்து எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளின் கொழுப்புத் துகளும் இதே குடும்பம்தான்.

கட்டிக்குள் போவது மட்டும் ஏன் இவ்வளவு கடினம்? கட்டியின் இரத்த நாளங்கள் ஓட்டையாக இருக்கும், துகள் அங்கே கசிந்து தங்கிவிடும் என்று 1986-இல் மட்சுமுராவும் மயேடாவும் ஜப்பானில் காட்டினார்கள். அதன் மேல் ஒரு துறையே எழுந்தது. 2016-இல் டொரண்டோ பல்கலைக்கழகக் குழு பத்து வருடக் கட்டுரைகளைத் திரட்டிக் கணக்குப் போட்டபோது, செலுத்திய துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்த இடைநிலை அளவு 0.7 சதவீதம் என்று வந்தது. அந்தக் கணக்கு முறையைப் பற்றிப் பிறகு விவாதம் நடந்தது, வெறும் மருந்தைக் கொடுத்தாலும் கட்டிக்குப் போவது கொஞ்சம்தானே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் துகளை எப்போதும் வெறும் மருந்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இதில் எலியின் பங்கும் உண்டு. 20 கிராம் எலிக்கு ஒரு கன சென்டிமீட்டர் கட்டி என்றால் அது உடல் எடையில் 5 சதவீதம். 60 கிலோ மனிதருக்கு அதே விகிதத்தில் 3 கிலோ கட்டி! சில வாரங்களில் வேகமாக வளர்ந்த அந்தக் கட்டியின் நாளங்கள் மனிதக் கட்டியைவிட அதிகம் கசியும். எலியில் அற்புதமாக வேலை செய்தது மனிதரில் ஏன் மங்குகிறது என்பதற்கு இது ஒரு காரணம். குறிவைத்துச் செல்லும் துகளோடு மனிதச் சோதனை வரை வந்த அமெரிக்க நிறுவனமான பைண்ட் தெரபியூட்டிக்ஸ் 2016-இல் திவால் மனு கொடுத்ததும் நினைவில் இருக்கட்டும்.

இனி மதிப்பீடு. என் வாழ்க்கையின் பெரும்பகுதி இதில்தான் போனது, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

என் முதல் வேலையில் ஒரு துகளை ஆறு மாதம் மெருகேற்றினோம். தண்ணீரில் 90 நானோமீட்டர், ஒரே சீரான அளவு. செல்லிலும் நல்ல முடிவு. எலிக்குக் கொடுத்ததும் நுரையீரலில் போய்க் குவிந்தது. பிறகுதான் சீரத்தில், அதாவது இரத்தம் உறைந்த பின் பிரியும் புரதம் நிறைந்த தெளிந்த நீரில், போட்டுப் பார்த்தோம்: ஒரு மணி நேரத்துக்குள் கட்டி கட்டியாகத் திரண்டிருந்தது. இரத்தத்தில் திரண்ட கட்டிகள் முதலில் சிக்குகிற இடம் நுரையீரலின் நுண்நாளங்கள். அரை மணி நேரம் செலவழித்து முதல் வாரமே செய்திருக்க வேண்டிய சோதனை அது. அந்த எலிகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது.

உங்கள் 120 நானோமீட்டர் டி.எல்.எஸ். கருவியில் வந்ததுதானே? அந்தக் கருவி ஒளிச் சிதறலை அளக்கிறது. சிறு துகள்களில் சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் கூடும். 50 நானோமீட்டர் துகள் ஒன்று, 5 நானோமீட்டர் துகள் பத்து லட்சம் சேர்ந்து சிதறடிப்பதை ஒண்டியாகச் சிதறடிக்கும். எனவே கொஞ்சம் திரட்சி இருந்தாலும் சராசரி குழம்பிப் போகும். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படமும் எடுங்கள். ஆனால் அது காய்ந்த துகளின் படம் என்பதை மறக்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு எண் தந்தால் பயப்பட வேண்டியதில்லை, ஏன் என்று விளக்க முடிந்தால் போதும். உங்கள் கல்லூரியில் கருவி இல்லையென்றால் ஐ.ஐ.எஸ்.சி.யின் நானோ மையத்தில் வெளி ஆய்வாளர்களுக்கும் இடம் தரும் திட்டம் இருக்கிறது, கைடு மூலம் கேட்டுப் பாருங்கள்.

குர்குமினிடம் தனி எச்சரிக்கை தேவை. சீரம் இல்லாத, 7.2 பி.எச். உள்ள பஃபரில், அதாவது பி.எச். மாறாமல் வைக்கும் கரைசலில், 37 டிகிரியில் விட்டால் அரை மணி நேரத்துக்குள் சுமார் 90 சதவீதம் சிதைந்துவிடும். இப்போது யோசியுங்கள். துகளை உள்ளே நிறுத்தி மருந்தை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் துகளைக் கட்டி, வெளியே உள்ள பஃபரில் குர்குமினை அளந்து, "48 மணி நேரத்தில் 20 சதவீதம்தான் வெளியேறியது, மெதுவாக விடுவிக்கும் துகள்" என்று எழுதுகிறோம். வெளியே வந்தது சிதைந்து போனதா, கரையாமல் பையிலேயே படிந்துவிட்டதா, உண்மையாகவே துகளுக்குள் இருக்கிறதா? மூன்றையும் பிரித்துக் காட்டாத வரைபடம் எதையும் சொல்லாது. கடைசியில் துகளைக் கரைத்து மீதியையும் அளந்து, போட்டதும் எடுத்ததும் கணக்கில் நேராகிறதா என்று பாருங்கள்.

செல் சாவதிலும் இதே சிக்கல். எம்.டி.டி. சோதனையில் உயிருள்ள செல் ஒரு சாயத்தை ஊதாவாக்கும். குர்குமின் மாதிரியான பொருள்கள் செல்லே இல்லாமலும் அதன் நிறத்தை மாற்றக்கூடும். கார்பன் நானோ குழாய்கள் அந்த ஊதாச் சாயத்தைத் தங்களோடு பிடித்துக்கொண்டு செல் செத்ததுபோல் காட்டியிருக்கின்றன. எனவே செல் இல்லாத கிண்ணத்தில் துகளையும் சாயத்தையும் மட்டும் போட்டு ஒரு கண்ட்ரோல் வையுங்கள், கூடவே வேறு விதமான இன்னொரு சோதனையும் செய்யுங்கள். மருந்தே இல்லாத வெற்றுத் துகளையும் கட்டாயம் வையுங்கள். கழுவியது போதாமல் தங்கிப்போன சர்ஃபக்டன்டும் (துகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சேர்க்கும் சோப்பு மாதிரிப் பொருள்) கரைப்பானும் செல்லைக் கொன்றதைப் பல லேப்களில் பார்த்திருக்கிறேன், பழி மருந்துக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். வெறும் குர்குமின், வெற்றுத் துகளோடு சும்மா கலந்த குர்குமின், இப்போது ஆஸ்பத்திரியில் தரும் மருந்து, இவையும் வரிசையில் இருக்க வேண்டும். ஃபோலிக் அமிலம் ஒட்டியதும் ஒட்டாததும் ஒரே அளவில் வேண்டும். அதற்கும் முன்னால், அந்த அமிலம் போய்ப் பிடிக்கும் ஏற்பி உங்கள் லேபில் வளரும் எம்.சி.எஃப்-7 செல்லில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தீர்களா? பிறர் கட்டுரையை நம்பிப் போகாதீர்கள்.

அப்புறம் எண்டோடாக்சின். சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் உள்ள பொருள் இது. தண்ணீர், கண்ணாடிக் குடுவை, ரசாயனம் எதிலிருந்தும் வரலாம். ஆட்டோகிளேவில் வைத்தாலும் போகாது, கிருமி வடிகட்டியிலும் நிற்காது. குடுவையை 250 டிகிரி உலர் சூட்டில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். துகளில் இது கலந்திருந்தால் நோய் எதிர்ப்புச் செல்கள் கொந்தளிக்கும். "எங்கள் துகள் எதிர்ப்பாற்றலைத் தூண்டுகிறது" என்று கட்டுரை வெளிவரும், தூண்டியது அழுக்கு. இதைக் கண்டுபிடிக்கும் எல்.ஏ.எல். சோதனையையும் துகளே குழப்பலாம். தெரிந்த அளவு எண்டோடாக்சினைத் துகளோடு சேர்த்து, அது சரியாகத் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே அந்த எண்ணை நம்புங்கள்.

இரத்தச் சிவப்பணு உடைகிறதா, இரத்தம் உறைகிறதா, இரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் என்ற நோய் எதிர்ப்புப் புரதங்கள் விழித்துக்கொள்கின்றனவா என்பதெல்லாம் விலங்குக்கு முன்பே சோதனைக் குழாயில் தெரிந்துவிடும். காம்ப்ளிமென்ட் விழித்தால் முதல் முறை ஏற்றும்போதே நோயாளிக்கு மூச்சு முட்டலாம். இரும்பு ஆக்சைடு நானோ துகளான ஃபெருமாக்சிட்டால் இரத்தச்சோகைக்கு 2009-இல் அனுமதி பெற்றது. உயிராபத்தான ஒவ்வாமை காரணமாக 2015-இல் அதன் மேல் கடுமையான எச்சரிக்கை சேர்க்க வேண்டி வந்தது. அனுமதி பெற்ற பிறகும் மதிப்பீடு நடந்துகொண்டேதான் இருக்கும்.

பேட்சுக்குப் பேட்ச் ஒரே மாதிரி வருவதும் தரத்தில் சேர்த்தி. 2011-இல் ஒரு தொழிற்சாலையில் தயாரிப்பு தடைப்பட்டதால் அமெரிக்காவில் டாக்சில் தட்டுப்பாடு வந்தது. 2012-இல் இந்தியாவின் சன் ஃபார்மா செய்யும் லிப்போடாக்ஸை இறக்குமதி செய்ய அனுமதித்தார்கள். லிப்போசோம் செய்வது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு இதுவே சாட்சி. உங்கள் தீசிஸில் மூன்று தனித்தனி பேட்சின் எண்களைப் போடுங்கள், நன்றாக வந்த ஒன்றை மட்டும் அல்ல.

சட்டப்படியும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தாக இருந்தாலும், புதுவிதமாக உடலில் கொண்டு சேர்க்கும் வடிவம் என்றால் நம் நாட்டின் 2019 மருந்து விதிகள்படி அது புதிய மருந்துதான். நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கென்றே மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை அதே ஆண்டு வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டது. இணையத்தில் கிடைக்கும், இந்த வாரமே படித்துவிடுங்கள்.

நோய் கண்டறிவது பற்றிக் கைடு சொன்னது. இங்கே நானோ துகள் வீடு வீடாக வந்தே விட்டது. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையிலும் கோவிட் கிட்டிலும் தெரியும் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்க நானோ துகள்தான். பத்து இருபது நானோமீட்டர் அளவுக்கு வந்ததும் தங்கம் மஞ்சளை விட்டுச் சிவப்பாகிவிடுகிறது. சுமார் 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை உறிஞ்சுவதால் இப்படி. ஆனால் உங்கள் பி.எல்.ஜி.ஏ. துகள் அங்கே நேராகப் போய் உட்காராது. உள்ளே மருந்து கொண்டு போகும் துகள் கரைய வேண்டும், கோடு காட்டும் துகள் கரையவே கூடாது. இரண்டு வேலைக்கும் ஒரே துகள் என்ற ஆசையை இந்த ப்ராஜெக்டில் விட்டுவிடுங்கள்.

கண்டறியும் கருவி செய்பவர்கள் எவ்வளவு குறைந்த அளவைப் பிடிக்கிறோம் என்றே பெருமைப்படுவார்கள். சுத்தமான பஃபரில் பிடிப்பது பெரிய விஷயமில்லை. இரத்தத்திலும் சளியிலும் பிடிக்க வேண்டும், ஏ.சி. இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தில் மே மாதம் முழுக்கக் கிடந்த பட்டையும் அதே பதிலைச் சொல்ல வேண்டும். தேடும் பொருள் மிக அதிகமாக இருந்தாலும் கோடு மங்கும் என்பதையும் சோதிக்க வேண்டும். அதைவிட முக்கியம் இந்தக் கணக்கு. ஆயிரத்தில் ஒருவருக்கு உள்ள நோய். நோயுள்ளவரில் 99 சதவீதம் பேரைப் பிடிக்கும், நோயற்றவரில் 95 சதவீதம் பேருக்குச் சரியாக இல்லை என்று சொல்லும் கருவி. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? ஒரு லட்சம் பேரைச் சோதித்தால் நோயுள்ள 100 பேரில் 99 பேர் சிக்குவார்கள். நோயற்ற 99,900 பேரில் 4,995 பேரும் சிக்குவார்கள். நோய் இருக்கிறது என்று கேட்டு நடுங்கிப்போகும் நூறு பேரில் இரண்டு பேருக்குத்தான் உண்மையில் நோய் இருக்கும். மீதிப் பேர் ஸ்கேனுக்கும் பயாப்சிக்கும் அலைவார்கள். ஒரு பயாப்சி ரிசல்ட்டுக்காக எங்கள் பெரியம்மா பத்து நாள் தூங்காமல் இருந்ததைப் பார்த்தவள் நான். ஆகவே எல்லோருக்கும் செய்யும் சோதனையா, அறிகுறி உள்ளவருக்கு மட்டுமா என்பதை முதலில் முடிவு செய்தால்தான் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்றே சொல்ல முடியும்.

நல்ல வடிவமைப்புக்கு நம் ஊரிலேயே எனக்குப் பிடித்த ஒரு உதாரணம் இருக்கிறது. வேர் சிகிச்சை செய்த பல் மறுபடி கெடுவது, பல்லின் நுண்குழல்களுக்குள் பாக்டீரியா ஒளிந்துகொள்வதால். கழுவும் மருந்து அவ்வளவு ஆழம் போகாது. ஐ.ஐ.எஸ்.சி.யில் பேராசிரியர் அம்பரீஷ் கோஷ் குழுவும் அங்கேயே வளர்ந்த தெரனாட்டிலஸ் நிறுவனமும் 2022-இல், இரும்பு பூசிய சிலிக்கா திருகுகளைக் காந்தப் புலத்தால் திருகித் திருகி அந்தக் குழல்களுக்குள் 2,000 மைக்ரோமீட்டர் வரை செலுத்திக் காட்டினார்கள். காந்தப் புலத்தை மாற்றினால் அவை சூடாகி அருகிலுள்ள பாக்டீரியாவைக் கொல்லும். இரத்த ஓட்டமே நடுவில் இல்லை, கல்லீரல் வாரிக்கொள்ளும் பயமும் இல்லை. தடையைத் துல்லியமாகக் கண்டுபிடித்த பிறகு அதற்கேற்ற துகளைச் செய்திருக்கிறார்கள். உங்கள் துகளையும் நரம்பில் ஏற்றுவதற்குப் பதில் வாய்ப்புண் மாதிரி நேரடியாகத் தடவக்கூடிய இடத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்று கைடோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். கதிர்வீச்சுச் சிகிச்சையில் வாய் வெந்து சோறு இறங்காமல் தவிப்பவர்கள் எத்தனையோ பேர்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: கையில் உள்ள துகளை 37 டிகிரியில் பாதிச் சீரம் கலந்து வையுங்கள். துகள் போடாத அதே சீரக் கலவையையும் பக்கத்தில் வையுங்கள். சீரப் புரதங்களே டி.எல்.எஸ்.ஸில் ஒரு முகடு காட்டும், அதைப் பார்த்து மிரள வேண்டாம். ஒரு மணி, நாலு மணி, இருபத்து நாலு மணி நேரத்தில் அளவு எடுங்கள். வெற்றுத் துகளுக்கும் அதையே செய்யுங்கள். பாலிமரின் மூலக்கூறு எடை, எந்த சர்ஃபக்டன்ட், எத்தனை முறை கழுவினீர்கள் என்பதோடு அந்த எண்களையும் எனக்கு எழுதுங்கள். ஃபோலிக் அமிலத்தை வைப்பதா எடுப்பதா என்று அதற்குப் பிறகு பேசுவோம்.